சுரங்கம் மூடிய பின்னும் ஒலிக்கும் இசை

கலை எங்கிருந்து பிறக்கின்றது என்ற வினாவிற்கு நூல்களிலே விடை தேடிப் பழகியவர் நாம். சிற்சில வேளைகளில் நிலத்தையும் உற்று நோக்குதல் நன்று. 2024-ஆம் ஆண்டு யூலை 20-ஆம் திகதி, ஜேர்மனியின் கெல்சன்கீர்ஹன் நகரிலே, கால்வாயோரம் அமைந்த திறந்தவெளி அரங்கொன்றில் நான்கு இசைக்குழுக்கள் ஒரே மேடையிலே தோன்றின. கிரியேற்றர், சொடொம், டிஸ்றக்ஷன், டாங்கார்ட் என்பன அவற்றின் பெயர்கள். நான்கும் 1980-களின் தொடக்கத்திலே இளைஞர் சிலராற் கூட்டப்பெற்றவை. ஏறத்தாழ நாற்பதாண்டு கழிந்த பின்னர், நரையும் திரையும் கண்ட அதே மனிதர் பலர், அதே வேகத்தோடும் உரத்தோடும் தம் இசையை வழங்கினர்.

அவர்கள் நின்ற நிலம் யாது? கெல்சன்கீர்ஹனின் அவ்வரங்கு ‘வடமீன்’ எனப் பொருள்படும் பெயர் பூண்ட நோட்ஸ்ரேர்ண் நிலக்கரிச் சுரங்கத்தின் காணியிலே அமைந்தது. 1993 வரை அங்கே தொழிலாளர் நிலத்தின் அடியிற் சென்று கரி வெட்டினர். சுரங்கம் மூடப்பட்டதும் அந்நிலம் பூங்காவாக மாற்றப்பட்டது. 1997-இல் அங்கு தேசியத் தோட்டக்கலைக் கண்காட்சி நடைபெற்றது. கரி வெட்டிய இடத்திலே பூச்செடிகள். பூச்செடிகளின் நடுவே மேடை. மேடையிலே, கரி வெட்டிய மக்களின் பிள்ளைகள் தோற்றுவித்த இசை. இத்தொடர்ச்சி தற்செயலானதா, வரலாற்று நியதியா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்த இசையின் பெயர் த்ராஷ் மெற்றல். ‘அடித்து நொறுக்குதல்’ என்னும் பொருளுடைய சொல் அது. நம் மாணவர் ஒருவர் இதனைக் கேட்டுக்கொண்டிருக்கக் கண்டு, “இதுவும் ஓர் இசையா?” என்று நாம் ஒருமுறை கடிந்துகொண்டதுண்டு. “இதைப் பாடியவர் யார் என்று தெரியுமா, சேர்?” என்று அவர் திருப்பிக் கேட்டார். நமக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை இழிவென்று தீர்ப்பளித்தோம் என்ற வெட்கமே நம்மை இவ்வரலாற்றினுள் இட்டுச் சென்றது.

ரூர் என்னும் பிரதேசம்

ஜேர்மனியின் மேற்கே, ரூர் ஆற்றையொட்டிய பெருநிலப்பரப்பு ஐரோப்பியக் கைத்தொழிலின் நெஞ்சகம் என்று சொல்லத்தக்கது. எஸ்ஸன், கெல்சன்கீர்ஹன், டோட்முண்ட், டூயிஸ்பேர்க், போகும், பொட்ரொப் ஆகிய நகரங்கள் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. மக்கள் பேச்சுவழக்கிலே அப்பிரதேசத்தை ‘ரூர்பொட்’ என்பர். 2024-ஆம் ஆண்டு நிகழ்ச்சியின் பெயரிலும் அச்சொல் இடம்பெற்றது. எஸ்ஸன் நகரின் குறுப் குடும்பத்தார் உருக்காலைகளாலும் பீரங்கிகளாலும் பெருஞ்செல்வம் குவித்தனர். கரியும் உருக்கும் இரு உலக யுத்தங்களுக்கும் தீனியாயின.

அதே மண் தொழிலாளர் எழுச்சியின் மண்ணுமாகும். 1920-ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, குடியரசைக் கவிழ்க்க முயன்ற இராணுவச் சதியை எதிர்த்து ஆயுதமேந்திய ரூர்த் தொழிலாளர், பல நகரங்களைத் தம் கைக்குள் வைத்திருந்தனர். அவ்வெழுச்சி பின்னர் இரத்தத்தில் அடக்கப்பட்டது.

இரண்டாவது யுத்தத்தின் பின் மேற்கு ஜேர்மனி கண்ட பொருளாதார வளர்ச்சியின் அடியுரமும் இக்கரியே. 1957-இல் அந்நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களிலே ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் தொழில் புரிந்தனர். உள்நாட்டு ஆட்பலம் போதாமையால் 1955-இல் இத்தாலியுடனும் 1961-இல் துருக்கியுடனும் ஒப்பந்தங்கள் செய்யப்பட்டுத் தொழிலாளர் தருவிக்கப்பட்டனர். ‘விருந்தினர் தொழிலாளர்’ என்று அவர்களுக்குப் பெயர். விருந்தினரைக் கொண்டு வேலை வாங்கும் வழக்கத்தை முதலாளித்துவமே கண்டுபிடித்தது!

1958-ஆம் ஆண்டு தொடக்கம் நிலை மாறிற்று. மலிவான எண்ணெயும் இறக்குமதிக் கரியும் சந்தையைப் பிடிக்க, சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. எஞ்சியவை புகையையும் நோயையும் வழங்கின. ரூரின் மேல் வானம் மீண்டும் நீலமாக வேண்டும் என்று வில்லி பிராண்ட் 1961-இல் கோரினார். ஆயினும் 1985 சனவரியிலே நச்சுப்புகை மிகுந்து, மேற்கு ரூரிலே அதியுயர் எச்சரிக்கை விடுக்கப்பட்டு, மோட்டார் வண்டிகள் ஓடுவதும் தடைசெய்யப்பட்டது.

இந்தச் சூழலிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் நிலையைச் சிந்திப்போம். தந்தையர் செய்த தொழில் கடினமானது. ஆனால் அதற்கோர் உறுதியும் பெருமையும் இருந்தன. மைந்தர்க்கோ அத்தொழிலும் நிலையில்லை. 1983-இல் மேற்கு ஜேர்மனியில் வேலையற்றோர் தொகை இருபது இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே அமெரிக்கப் பேர்ஷிங் ஏவுகணைகள் அம்மண்ணிற் கொணர்ந்து நிறுத்தப்பட்டன. அணுவாயுத யுத்தம் மூளுமாயின் முதலில் எரிவது தம் ஊரே என்று அவ்விளைஞர் அறிந்திருந்தனர். அதனை எதிர்த்து பொன் நகரிலே இலட்சக்கணக்கானோர் திரண்டதும் அதே 1983-இலேயே.

இசையின் பிறப்பு

இந்த இசைக்கு ஒரு தொழிலாள மூதாதை உண்டு. இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரிலே, தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்த ரொனி அயோமி என்னும் பதினேழு வயது இளைஞரின் வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இயந்திரம் துண்டித்தது. இடக்கைப் பழக்கமுடையவராதலின், கிற்றாரின் நரம்புகளை அழுத்துவது அவருக்கு அந்த வலக்கையே. அவர் பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுறை செய்து பூண்டுகொண்டார். பின்னாளில் நரம்புகளைத் தளர்த்தி, சுருதியைத் தாழ்த்தி வாசித்தார். அவர் சேர்ந்த பிளாக் சபத் குழுவின் முதல் இசைத்தட்டு 1970-இல் வெளிவந்தது. ஹெவி மெற்றல் என்னும் இசைவகையின் கனத்த நாதத்தில், தொழிற்சாலை விபத்தொன்றின் வடு அன்றே பதிந்துவிட்டது.

அந்நாதத்துக்கு வேகத்தை ஊட்டியோர் பலர். கப்பற்றொழிலும் கரியும் வளர்த்த நியூகாசில் நகரின் வெனம் என்னும் குழு அவர்களுள் ஒன்று. 1981-இல் வெளிவந்த அதன் முதற்றட்டு, சங்கீதப் பயிற்சியற்றோரும் அச்சமின்றி இசைக்கருவியை ஏந்தலாம் என்ற துணிவை இளைஞர்க்கு அளித்தது. அமெரிக்காவிலே மெற்றாலிக்கா, ஸ்லேயர், மெகாடெத், அன்ராக்ஸ் ஆகிய நான்கு குழுக்கள் 1983-க்கும் 1985-க்கும் இடையில் தம் முதற்றட்டுக்களை வெளியிட்டன. ஜேர்மனியிலோ கெல்சன்கீர்ஹன் நகரிலே சொடொமும், எஸ்ஸன் நகரிலே கிரியேற்றரும் எழுந்தன.

சொடொம் குழுவின் தலைவர் ரொம் ஏஞ்சல்றிப்பர் நிலக்கரிச் சுரங்கத்தொழிலாளி. பகலிற் சுரங்கமும் பின்னர் இசையுமாக அவர் காலங் கழிந்தது. கிரியேற்றர் குழுவின் பாடகர் மில்லே பெற்றோசா இத்தாலியிலிருந்து வந்த தந்தையின் மகன், எஸ்ஸனிற் பிறந்தவர். 1985-இல் அக்குழுவின் முதற்றட்டு வெளிவந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது நிரம்பவில்லை. பெரிய இசைத்தட்டு நிறுவனம் எதுவும் இவர்களைத் தேடி வரவில்லை. பேர்லினிலிருந்த நொய்ஸ் என்னும் சிறு நிறுவனமே கிரியேற்றரை வெளியிட்டது. அதனினும் முக்கியமானது ஒலிநாடா. இளைஞர் தாமே பதிவுசெய்த நாடாக்களைத் தபாலில் ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு அனுப்பிப் பரிமாறிக்கொண்டனர். கையாற் தட்டெழுதிப் பிரதிசெய்த சிற்றேடுகள் அவற்றைப் பற்றி எழுதின. விளம்பரமும் வானொலியும் இன்றி ஓர் இசை உலகம் சுற்றிய விதம் இது. சிற்றேடுகளின் வரலாற்றை அறிந்த நமக்கு இதன் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை.

இசையின் அமைப்பையும் ஒருவாறு நோக்குவோம். கிற்றாரின் நரம்புகளை உள்ளங்கையின் ஓரத்தால் அழுத்தி அடக்கிக்கொண்டே அதிவேகமாக மீட்டுவர். ஆதலின் நாதம் நீளாது, வெட்டுண்டு வெட்டுண்டு விழும். பெருமுரசை இரு கால்களாலும் மிதித்து அடிப்பர். குரல் பாடுவதினின்று கூவுதலுக்கு மாறும். மின்விசையாற் திரிக்கப்பட்ட ஒலி உலோகம் உரசுவது போலக் கேட்கும். இதனை ஆலையின் இரைச்சல் என்று கூறி முடித்துவிடுதல் எளிது. ஆனால் அவ்வாறு கூறுவோர்க்கு ஒரு தடை உண்டு. டிஸ்றக்ஷன் குழு சுவிற்சர்லாந்து எல்லையிலுள்ள வைல் என்னும் சிறுநகரிலே தோன்றியது. டாங்கார்ட் வங்கிகள் நிறைந்த பிராங்பேர்ட்டிலே தோன்றியது. அங்கே சுரங்கம் இல்லை. இசையோ ஒன்றே.

பொருளாதார அடித்தளம் கலையை நிர்ணயிக்கின்றது என்னும் உண்மையை இயந்திரப்பாங்காகப் பொருத்துவோர் இங்கே இடறுவர். ஒரே காலத்து இளைஞர், ஒரே யுத்த அச்சத்தின் கீழ், ஒரே வேலையின்மையின் முன், ஒரே ஒலிநாடாக்களைக் கேட்டு ஒன்றுபட்டனர் என்பதே பொருத்தமான விளக்கம். சுரங்கம் அந்த இசையைத் தனித்து ஈன்றதில்லை. ஆயின், அந்த இசை எங்கே ஆழமாக வேரூன்றியது, யாருடைய உடைமையாகக் கருதப்பட்டது என்பதைச் சுரங்கமே தீர்மானித்தது. இடுப்பு முறியும் உழைப்பை அறிந்த மக்கள், உடல் முழுவதையும் வேண்டி நிற்கும் ஓர் இசையைத் தமதென்று ஏற்றதில் வியப்பில்லை.

பொருளும் குறையும்

ஆரம்பத்தில் இவர்களுடைய பாடல்கள் பேய், நரகம், கொலை ஆகியவற்றையே பொருளாகக் கொண்டன. அதிர்ச்சியூட்டுதலே அவற்றின் குறிக்கோள். பின்னர் அக்கற்பனை நரகம் மெல்ல மெல்ல மண்ணுக்கு இறங்கிற்று. 1987-இல் கிரியேற்றர் சூழல் நஞ்சாவதைப் பாடிற்று. 1989-இல் சொடொம் வெளியிட்ட இசைத்தட்டின் பெயர் ‘ஏஜென்ற் ஒறேஞ்ச்’. 1962 தொடக்கம் 1971 வரை அமெரிக்க இராணுவம் வியட்நாமின் காடுகள் மீதும் வயல்கள் மீதும் தெளித்த நஞ்சின் பெயர் அது. கரி வெட்டிய ஒருவர் தலைமைதாங்கிய குழு, ஆசிய உழவரின் துயரைப் பெயராகச் சூட்டிய இத்தட்டு, மேற்கு ஜேர்மனியின் விற்பனைப் பட்டியலிலும் இடம்பிடித்தது.

குறைகளை மறைத்தல் ஆய்வாளர்க்கு அழகன்று. யுத்தத்தைக் கண்டிப்பதற்கும் யுத்தத்தின் கோரத்தில் மயங்குவதற்கும் இடையிலுள்ள எல்லையை இவ்விசை பலமுறை தடுமாறிக் கடந்ததுண்டு. கோபம் இருந்த அளவுக்குக் காரணம் பற்றிய தெளிவு இருக்கவில்லை. பெண்களுக்கு மேடையில் இடம் மிக அரிதாகவே கிடைத்தது. ஆகன் நகரின் ஹோலி மோசஸ் குழுவிலே 1980-களின் தொடக்கத்திலிருந்தே பாடிய சபீனா கிளாசன் அந்த ஆடவர் உலகில் ஒரு விதிவிலக்காகவே நின்றார். எதிர்ப்பு என்பது தானாகவே முற்போக்காகிவிடாது என்ற பாடத்தை இதிலிருந்து நாம் கற்றல் வேண்டும்.

ஒரு மல்லனின் பெயர் தாங்கிய மண்டபம்

மூத்த குழுக்கள் ஒன்றாய் மேடையேறும் வழக்கம் முதுமையில் வந்ததன்று. இளமையிலும் அவை கூடியே இயங்கின. அவ்வகையில் 1990-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் திகதி நினைவிற்குரியது. அன்று கிழக்கு பேர்லினின் வேர்னர் சீலன்பிண்டர் மண்டபத்திலே கிரியேற்றரும் டாங்கார்ட்டும், சுவிற்சர்லாந்தின் கொறோனர், இங்கிலாந்தின் சபத் என்னும் வேறிரு குழுக்களோடு இசை வழங்கின. இங்கு குறித்த சபத், பேர்மிங்காம் குழுவின் வேறானது. பேர்லின் மதில் திறந்து நான்கு மாதம் நிறையவில்லை. ஜேர்மன் சனநாயகக் குடியரசின் இறுதித் தேர்தலுக்கு இரண்டு கிழமைகள் இருந்தன.

அம்மண்டபத்தின் பெயருக்குரியவர் யார் என்பதை நம் வாசகர் அறிதல் தகும். வேர்னர் சீலன்பிண்டர் ஒரு தொழிலாளி, மல்யுத்த வீரர், பொதுவுடைமைவாதி. 1933-இல் ஜேர்மன் சம்பியனாக நின்ற மேடையிலே நாசி வணக்கம் செலுத்த மறுத்தவர். 1936 ஒலிம்பிக் போட்டியில் நான்காம் இடம் பெற்றார். தலைமறைவு இயக்கத்தில் ஈடுபட்டமைக்காக 1942-இல் கைதாகி, 1944 ஒக்ரோபர் 24-ஆம் திகதி கொல்லப்பட்டார்.

அத்தகைய தியாகியின் பெயரை மண்டபத்துக்குச் சூட்டிய அரசு, தன் இளைஞரின் இசையை எவ்வாறு நடத்தியது? குழுவொன்று மேடையேற அரசின் அனுமதிப்பத்திரம் வேண்டும். நீண்ட முடியும் தோலாடையும் அணிந்த தொழிலாளர் பிள்ளைகளை இரகசியப் பொலிசார் கண்காணித்தனர். காலப்போக்கில் ஓரளவு தளர்வு ஏற்பட்டு, டீ.ரி. 64 என்னும் இளைஞர் வானொலி இவ்விசைக்கென நிகழ்ச்சியொன்றையே ஒலிபரப்பியதையும் மறுத்தலாகாது. ஆயினும், தொழிலாள வர்க்கத்தின் பெயரால் ஆண்டோர், அவ்வர்க்கத்து இளைஞர் எதனை விரும்பிக் கேட்கின்றனர் என்பதை அவர்களிடமே கேட்டறியத் தவறினர். முற்போக்காளராகிய நாம் இதனைச் சொல்லத் தயங்கலாகாது. மக்கள் கலை எதுவென மக்களைக் கேளாமலே தீர்மானிக்கும் பழக்கம் எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் மண்டபத்தின் பெயருக்கும் மண்டபத்துள் இருப்போருக்கும் இடையில் வெளி விழுகின்றது.

வீழ்ச்சியும் மீட்சியும்

இதே ஆண்டுகளில் ரூரின் முடிவும் விரைந்தது. எஸ்ஸனின் புகழ்பெற்ற சொல்பெறைன் சுரங்கம் 1986 டிசெம்பரில் மூடப்பட்டது. டூயிஸ்பேர்க்கின் றைன்ஹவுசனிலே குறுப் உருக்காலையை மூடுவதை எதிர்த்து, 1987 நவம்பர் தொடக்கம் தொழிலாளர் மாதக்கணக்கில் போராடினர், பாலங்களை மறித்தனர். ஆலை 1993-இல் மூடியே விட்டது. இசையும் 1990-களில் ஒடுங்கிற்று. சந்தை புதிய நாகரிகங்களைத் தேடி ஓடியது. டிஸ்றக்ஷன் தன் பாடகரை இழந்து, 1999-இலேயே மீளப் பெற்றது. டாங்கார்ட் உறுப்பினர் இசையை முழுநேர வாழ்வாதாரமாக்காது வேறு தொழில் புரிந்தே தம் குழுவைக் காத்தனர். இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே கிரியேற்றர், சொடொம், டிஸ்றக்ஷன் மூன்றும் ஒன்றாய்ச் சுற்றுப்பயணம் மேற்கொண்டபோது, வீழ்ந்ததாக எண்ணப்பட்ட இசைக்கு மீண்டும் அவையினர் கூடினர்.

அமெரிக்க நால்வரின் கூட்டும் இதனோடு ஒப்பிடற்பாலது. 2010 யூன் 16-ஆம் திகதி போலந்தின் வார்சோவிலே அந்நான்கு குழுக்களும் முதன்முறையாக ஒரே மேடை கண்டன. சில நாளில் பல்கேரியாவின் சோபியா நகரில் நடந்த நிகழ்ச்சி, பல நாட்டுத் திரையரங்குகளுக்கு நேரடியாக அஞ்சல் செய்யப்பட்டது. அங்கே, 1983-இல் மெற்றாலிக்காவிலிருந்து நீக்கப்பட்டு மெகாடெத்தை உருவாக்கிய டேவ் மஸ்ரேயின், தம்மை நீக்கியவர்களோடு தோள்சேர்ந்து வாசித்தார். நட்பு மெய்யானது, அதனைப் படம்பிடித்து விற்ற வணிகமும் மெய்யானது. ஒரு காலத்தில் நாடாக்களைப் பிரதிசெய்து பரப்பிய இளைஞராற் புகழடைந்த மெற்றாலிக்கா, 2000-ஆம் ஆண்டிலே, பாடல்களைக் கணினி வழியே பகிர்வதற்கு வகைசெய்த நாப்ஸ்ரர் மீது வழக்குத் தொடுத்ததை நாம் மறக்கவில்லை.

ஆகவே, மூத்த குழுக்களின் கூட்டுமேடை வெறும் பழம்நினைவின் விற்பனையா என்னும் ஐயம் நியாயமானதே. ரூரின் பின்வரலாறு இவ்வையத்தை மேலும் வலுப்படுத்தும். சொல்பெறைன் சுரங்கம் 2001-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. 2010-இல் எஸ்ஸன், ரூர் முழுவதன் சார்பிலும் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகராயிற்று. 2018 டிசெம்பர் 21-ஆம் திகதி பொட்ரொப்பின் புரொஸ்பர்-ஹானியல் மூடப்பட்டதோடு ஜேர்மனியின் கருநிலக்கரி அகழ்வே முடிவுற்றது; இறுதிக் கரிக்கட்டி நாட்டின் அதிபரிடம் கையளிக்கப்பட்டது. கரிக்கட்டி நினைவுப்பொருளாயிற்று. சுரங்கத்தில் இறங்கியோர் பார்வையாளராயினர்.

ஆனால் நூதனசாலைக்கும் மேடைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நூதனசாலையில் இயந்திரம் அசைவற்று நிற்கும். அதனை இயக்கியவரின் பெயர் பெரும்பாலும் பலகையில் இராது. மேடையிலோ இயக்கியவரே நிற்கின்றார். அவர் மூப்படைந்துள்ளார்; அவர் கை சோர்வடையலாம்; ஆயினும் அவர் தாமே வந்து வாசித்தாலன்றி அந்த இசை நிகழாது. கெல்சன்கீர்ஹனின் அவ்வரங்கிலே கூடியோர், வீட்டிலிருந்தே அப்பாடல்கள் அனைத்தையும் கேட்டிருக்கலாம். இருந்தும் வந்தனர். ஒன்றாய் நிற்றலே அவர்கள் நாடி வந்த பொருள். சுரங்கமும் ஆலையும் தொழிற்சங்க மண்டபமும் முன்னர் அம்மக்களைத் தோளோடு தோள் நிற்கச் செய்தன. அவை போயின. நிற்கும் வழக்கம் போகவில்லை.

இதனாற் சுரங்கம் திரும்பப்போவதில்லை; இழந்த தொழிலுக்கு இசை ஈடாகாது. ஒரு வர்க்கம் தன் உழைப்பை இழந்த பின்னும் தன் குரலை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு இது சான்று. அக்குரலைக் கொண்டு எதைச் சாதிப்பது என்பது இன்னும் தீராத வினா. அவ்வினாவை அம்மக்களும் அவர்தம் பிள்ளைகளுமே தீர்ப்பர்.

நம் மாணவரிடம் நாம் மீண்டும் சென்று, இம்முறை கேள்வியை மாற்றிக் கேட்டோம். “இதை எங்கள் வகுப்புக்கு விளக்கிக் கூறுவீரா?” என்றோம். அடுத்த வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், கரும்பலகையிலே ரூர் ஆற்றின் படம் வரைந்து அவர் தொடங்கினார்.